கழுத்தளவு

அக்டோபர் 4

அக்காவுக்கு,

நாலு வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் அதுவே பெரிது. போன் செய்திருக்கலாம். "உன் குரல் இனிமே என் காதுல விழக் கூடாது, ஏதாவது இருந்தா எழுது" என்று சொல்லித்தானே என்னைக் கடையிலிருந்து அனுப்பினாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு எங்கள் பேட்டைக்குள் நுழைந்துவிட்டது. நாங்கள் முதல் மாடி, அதனால் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் சாமான்களை மாடிப்படியில் அடுக்கிவிட்டு, மீதிப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஃபாக்டரியையும் மூடிவிட்டார்கள். ஹார்ட் டிஸ்குக்குள் சுற்றுகிற சின்ன மோட்டார் இருக்கிறதே, அது செய்யும் இடம். சம்பளம் இனி திறந்த பிறகுதான்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். தண்ணீர் வடியும்வரை என் மனைவியும் குழந்தையும் உன் வீட்டில் இருக்கலாமா? டிக்கெட் எடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. நான் வரவில்லை. என் முகத்தை நீ பார்க்க வேண்டியிருக்காது.

பக்கம் 2

குழந்தைக்கு நாலு வயது ஆகப்போகிறது. நீ பார்த்ததே இல்லை. உன்னுடைய நெற்றி, உன்னுடைய வாய். வாய் என்றால் இரண்டு அர்த்தத்திலும். அத்தை கடையில் கம்ப்யூட்டர் கூரைவரை அடுக்கியிருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "அத்தை என்னை அது மேல ஏறி உக்கார விடுவாங்களா" என்று தினமும் கேட்கிறாள். விடமாட்டார்கள் என்றுதான் சொன்னேன். நம்பவில்லை.

உன் தம்பி


அக்டோபர் 12

ஸ்டிக்கருக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கடையில் உனக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

முதலில் ஒரு விஷயம். எனக்கு எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டியதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பக்கத்தை நான் படிப்பதில்லை. பெட்டிக்குள் சரக்கு ஆடாமல் இருக்க நடுவில் செருகுவதற்குத் தாள் வேண்டாமா? அதற்கு எடுத்து வைத்துவிடுவேன். உன் இரண்டாம் பக்கமும் அப்படித்தான் போயிற்று. என்ன எழுதியிருந்தாயோ, நல்ல மெத்தையாக இருந்தது.

நாலு வருடம் ஆனாலும் நான் மறக்கவில்லை. எங்கேயோ ஒரு தீவில் பூமி ஆடுகிறது. கம்ப்யூட்டருக்கு மெமரி செய்கிற ஃபாக்டரி எல்லாம் அங்கே. மறுநாள் காலையில் உலகம் முழுக்க மெமரி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. நான் பல்வலி என்று டாக்டரிடம் போயிருக்கிறேன். கல்லாவில் நீ. பக்கத்துக் கடைக்காரன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து கேட்கிறான். நீ பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, அந்தப் பழைய விலைக்கே மொத்தச் சரக்கையும் தூக்கிக் கொடுத்து, டீ வேறு வாங்கிக் கொடுத்து அனுப்பினாய். அவன் அந்தக் காசில் மாடி கட்டினான். அந்த மாடி என் குளியலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. தினமும் பல் தேய்க்கும்போது உன் ஞாபகம்தான்.

எவன் வீட்டிலோ இடி விழுந்தால்தான் எங்கள் தொழிலில் விளக்கு எரியும். இது நான் போட்ட சட்டம் இல்லை. இப்போது உங்கள் ஆறு வந்திருக்கிறது. இங்கே ஹார்ட் டிஸ்க் விலை ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு. டிவிக்காரன் ஹெலிகாப்டரில் இருந்து கூரையை மட்டும் காட்டுகிறான். கம்பெனிக்காரன் வாயே திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது எனக்கு ஒருத்திக்குத்தான்.

உன் பெண்டாட்டியும் குழந்தையும் தாராளமாக வரட்டும். மேலே அறை காலியாகத்தான் கிடக்கிறது. டிக்கெட்டும் நானே எடுக்கிறேன். அதற்கு முன்னால் நீ ஃபாக்டரிக்குப் போய்ப் பார்த்து எழுது. தண்ணீர் எவ்வளவு? முழங்கால் என்றால் சீக்கிரம் திறந்துவிடுவார்கள், இருப்பதை இப்போதே விற்றுவிடுவேன். கழுத்தளவு என்றால் ஒரு வருடத்துக்கு உலகத்தில் டிஸ்க் கிடையாது, கிடைப்பதை எல்லாம் வாங்கிப் போடுவேன். ஒரு சொல் போதும். அந்தச் சொல் வந்த அன்று டிக்கெட்.

அக்கா


அக்டோபர் 18

அக்காவுக்கு,

இன்னும் போகவில்லை. ஃபாக்டரி பக்கம் பாதி தூரம் படகு, மீதி தூரம் நடை. நடையில் எங்கே பள்ளம் என்று தெரியாது. தண்ணீர் வடியட்டும் என்று எங்கள் தெருவில் சாக்கடை மூடிகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எங்கே திறந்திருக்கிறது என்று தெரிய, குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். வாசலுக்கு நேரே ஒன்று இருக்கிறது.

உன் கடிதத்தை என் மனைவியும் படித்தாள். "உங்க அக்காவுக்கு நம்ம வாசல்ல எவ்வளவு தண்ணின்னு கேக்கத் தோணலையா" என்றாள். அவளுக்குத் தொழில் தெரியாது என்று உனக்காகப் பரிந்து பேசினேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

டிக்கெட்டை முதலில் அனுப்பிவிட்டால், இவர்களை ஏற்றிவிட்டு நான் நிம்மதியாகப் போய்ப் பார்ப்பேன். குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்து நூலைத் தண்ணீரில் விட்டு மீன் பிடிக்கிறாள். ஒரு கண் எப்போதும் அவள் மேல் இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தடவை ஒரே பக்கம்தான் எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 22

ஸ்டிக்கருக்கு,

டிக்கெட் முதலில், சொல் பிறகு. நல்ல கதை. சரக்கைக் கொடுத்துவிட்டு விலை பேசுகிற பழக்கம் உன்னுடையது, என்னுடையது இல்லை.

உன் பெண்டாட்டி சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கத் தெம்பு இருக்கிறது என்றால் அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். விலை மூன்று மடங்கு ஆகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் விற்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் வாசலில் நின்று நகம் கடிக்கிறான். அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். நீ ஒரு நாள் தள்ளினால் எனக்கு ஒரு நாள் போகிறது.

டிக்கெட் சொல்லி வைத்தாகிவிட்டது. இரண்டு இருக்கை. போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஒரு சொல்.

அக்கா


அக்டோபர் 29

அக்காவுக்கு,

போனேன். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாய் அல்லவா. கழுத்தளவு. மூன்று நாளாக எனக்கு இந்த ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடுகிறது. கழுத்தளவு.

இந்தத் தாள் முழுக்க மை சிந்திவிட்டது. அடுத்த தாளில் எழுதுகிறேன்.

பக்கம் 2

ஃபாக்டரியில் இல்லை. ஃபாக்டரிக்குள் கணுக்கால்கூட நனையாது. சுற்றிலும் மணல் மூட்டைச் சுவர், நாலு பம்பு ஓடுகிறது, மெஷினை எல்லாம் முன்பே மேல் தளத்துக்கு ஏற்றிவிட்டார்கள். காவலாளி என்னைப் பார்த்து, "எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே? வர்ற மாசம் எப்படியும் கூப்பிடுவாங்க" என்றான். அக்காவுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

கழுத்தளவு எங்கள் வாசலில். என் கழுத்துக்கு இல்லை, எனக்கு இடுப்பு. அவள் கழுத்துக்கு.

என் படகு வருகிறதா என்று பார்க்க இறங்கியிருக்கிறாள். என் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டதை எதிர்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறாளே என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். அவரைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறாள். அந்தச் சிவப்புத் துணி கட்டிய குச்சியைத் தண்ணீர் முந்தின நாளே அடித்துக்கொண்டு போயிருந்தது.

நான் வந்தபோது எல்லாரும் படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். நானும் ஒன்றும் புரியாமல் சிரித்தேன்.

குழந்தை செத்துப்போய்விட்டாள், அக்கா. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். மற்ற இடமெல்லாம் தண்ணீர்.

டிக்கெட் வேண்டாம்.

தம்பி


நவம்பர் 6

என் தங்கத் தம்பிக்கு,

பிழைத்தேன். இந்த ஒரு சொல்லுக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தின் முதல் பக்கத்தைக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். மை சிந்தின தாள்தான், இருந்தாலும் எனக்கு அதுதான் இப்போது சாமி படம் மாதிரி.

படித்த நிமிஷமே பக்கத்துக் கடைக்காரனிடம் போனேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவனுடைய சரக்கு மொத்தத்தையும் இன்றைய விலைக்கே எனக்குக் கொடுத்தான். இதைவிட ஏறாது என்று நினைத்துக்கொண்டு டீ வேறு வாங்கிக் கொடுத்தான். நாலு வருடத்துக்கு முன்னால் நீ வாங்கிக் கொடுத்த டீ வட்டியோடு திரும்பி வந்தது. மற்ற டீலர்களிடமும் வாங்கியிருக்கிறேன். இதற்காகக் கடையை அடமானம் வைத்தேன், வீட்டையும் வைத்தேன். கழுத்தளவு என்றால் கழுத்தளவுக்கு இறங்க வேண்டியதுதானே.

ராத்திரி பகலாக நானே பெட்டி கட்டிக் குடோனில் அடுக்குகிறேன். வேலைக்காரர்களை நம்ப முடியாது. இருந்த தாள் எல்லாம் தீர்ந்து, உன் இரண்டாம் பக்கத்தையும் செருகியாகிவிட்டது. ஃபாக்டரிக் கதையை எல்லாம் நேரில் சொல். இன்றோடு ஸ்டிக்கர் என்ற பெயரை எடுத்துவிட்டேன்.

சொன்ன வாக்கு தவறமாட்டேன். இரண்டு டிக்கெட்டும் இதோடு வருகிறது. மருமகளை ஜன்னல் ஓரம் உட்காரவைக்கச் சொல். அவளுக்கு ஒரு பொம்மையும் கூடவே வைத்து அனுப்புகிறேன். வயிற்றை அமுக்கினால் அத்தை என்று சொல்லும். பொம்மைக் கடைக்காரனிடம் சொல்லி என் குரலையே பதிந்து வைத்தேன். வருவதற்கு முன்னாலேயே அத்தை குரல் பழகட்டும்.

அக்கா


நவம்பர் 15

அக்காவுக்கு,

கழுத்தளவு என்று எழுதினேன், அதில் மாற்றம் இல்லை. பொம்மையை அவளிடம் சேர்த்துவிட்டேன். இன்னும் கிடைத்தால் வாங்கிப் போடு.

தம்பி


டிசம்பர் 21

துரோகிக்கு,

நேற்று டிவியில் உன் ஃபாக்டரியைக் காட்டினார்கள். கூரையை இல்லை, உள்ளே. தரை பளபளவென்று இருக்கிறது. மெஷின் ஓடுகிறது. ஒரு ஆள் தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று வாரமாக முழு வேகத்தில் ஓடுகிறது, இனி தட்டுப்பாடே இல்லை என்று சிரிக்கிறான். அவன் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நீயும் இருந்தாயோ என்னவோ.

விலை மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி வருகிறது. நான் வாங்கினதில் பாதி விலைக்குக்கூடக் கேட்பாரில்லை. பக்கத்துக் கடைக்காரன் தினமும் வந்து, "என்னக்கா, உள்ள ஆள் வச்சிருக்கீங்களாமே" என்கிறான். அடமானக்காரன் ஆள் அனுப்பி வீட்டு ஜன்னல்களை எண்ணிக்கொண்டு போனான்.

எந்தக் கழுத்துடா அது? யார் கழுத்தை அளந்தாய்? என் கழுத்தை அறுக்கத்தான் அளந்தாய். வரச் சொல்லி டிக்கெட் அனுப்பினேன், அவர்களும் வரவில்லை. காற்றில் பறக்கவிட்டாய். ஆசையாக ஒரு பொம்மை அனுப்பினேன், பிடித்திருந்தது என்று அந்தக் குட்டியிடமிருந்து ஒரு கிறுக்கல் இல்லை. பெற்றவன் புத்திதானே பிள்ளைக்கும் வரும்.

அக்கா என்று இனி எழுதாதே.


டிசம்பர் 30

அக்காவுக்கு,

யார் கழுத்து என்று இப்போதாவது கேட்டாய்.

நான் பொய் எழுதவில்லை. அக்டோபர் 29 கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. ஃபாக்டரி இருக்கிறது, கழுத்து யாருடையது என்று இருக்கிறது. எடுத்துப் படி. இன்னொரு தடவை எழுத என்னால் முடியாது. அதை எழுதி முடித்த அன்றே நான் முடிந்துவிட்டேன்.

உன் பொம்மையைப் பிரித்தபோதுதான் நீ அதைப் படிக்கவில்லை என்று தெரிந்தது. உடனே ஒரு வரி எழுதியிருக்கலாம். "உங்க அக்கா ஒரு மோசமான ஆளு, அதுக்காக நீங்களும் அப்படி ஆகணுமா" என்று என் மனைவி எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. அந்தப் பொம்மையின் வயிற்றை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். உன் குரல் வந்தது. அதன் பிறகுதான் இன்னும் வாங்கிப் போடு என்று எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன். வருத்தம் இல்லை.

தம்பி


ஜனவரி 8

தம்பிக்கு,

இரண்டாம் பக்கத்தைப் படி என்கிறாய். அது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். நான் வேலையற்றுப்போய் குடோன் முழுக்கப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? பிரித்த பெட்டியைப் பழைய சரக்கு என்பார்கள், இப்போது வருகிற அரை விலையும் வராது. உனக்கு வேண்டியதும் அதுதானே.

விலை இன்றைக்கு இன்னும் இறங்கிவிட்டது. கடை இந்த மாதத்தோடு போகிறது. வீடு அடுத்த மாதம். நீ தெரிந்தே செய்தாய் என்று உன் கையாலேயே எழுதிவிட்டாய். இதையும் ஆணியடித்து மாட்டுகிறேன். கூடப் பிறந்தவனே குழி பறித்தான் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கட்டும். இருந்தாலும் அப்படி என்ன எழுதிக் கிழித்திருக்கிறாய் என்று பார்த்துவிடுகிறேன். பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன், அப்போது தெரியும் நான் யார் என்று.

பக்கம் 2

கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஆகிவிட்டது. குடோனில் ஒரு பெட்டிகூட மூடியபடி இல்லை.

படித்தேன். மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது ஃபாக்டரியில் கணுக்கால்கூட நனையாது என்ற இடத்தில் என் கண் நின்றது. ஐயோ, இதை அன்றைக்கே பார்த்திருந்தால் எல்லாவற்றையும் விற்றிருப்பேனே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குக் கீழே உள்ளது அதன் பிறகுதான் மண்டையில் ஏறியது. நான் இப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும். வேறு யாரிடம் சொல்ல?

தேடும்போது உன் முதல் கடிதத்தின் இரண்டாம் பக்கமும் கிடைத்தது. கம்ப்யூட்டர் மேல ஏறி உட்கார விடுவாங்களா என்று கேட்டாளாமே. பெட்டிகள் எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன. ஒன்றும் விற்கவில்லை. அவள் வந்திருந்தால் எல்லாவற்றின் மேலும் ஏற்றி உட்காரவைத்திருப்பேன். உன் மனைவி கேட்டதும் சரி. உங்கள் வாசலில் எவ்வளவு தண்ணீர் என்று நான் கேட்கவே இல்லை. உன்னை நான்தான் அனுப்பினேன். படகைப் பார்க்க அவளை வாசலுக்கு அனுப்பினதும் நான்தான்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. மத்தியானம்வரை நான் எப்படி இருந்தேனோ அது உன்னிடம் இருக்கட்டும்.

எனக்கு அவள் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கழுத்தில் கிடந்ததை விற்று டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ கூப்பிடாமல் வர எனக்கு முகம் இல்லை. வா என்று ஒரு சொல் எழுது, தம்பி. எழுதாவிட்டால் உனக்கு விருப்பமில்லை என்று தெரிந்துகொள்வேன், சாகும்வரை அந்தப் பக்கம் வரமாட்டேன். ஒரு சொல் போதும்.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடை போகிறது, வீடு போகிறது, விலை இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

சொல்ல வேண்டியதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். உன் முதல் பக்கத்தில் விலைதான் இருந்தது. நான் யார் என்று மீதியில் தெரியும் என்று முடித்திருந்தாய். நீ யார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

வெள்ளத்தில் எங்கள் ஜன்னல் சட்டம் ஊதிப்போய், காய்ந்த பிறகு இடைவெளி விட்டுவிட்டது. ராத்திரியில் குளிர்காற்று நேராக வருகிறது. உன் இரண்டாம் பக்கத்தை, என்ன எழுதியிருந்தாயோ, நாலாக மடித்து அதில் செருகியிருக்கிறேன். அளவு சரியாக இருந்தது.

இனி எழுத வேண்டாம்.

தம்பி